எழுதப்படாத 19 நாட்கள்: எடைக் குறைப்பில் தற்பரிவின் இடம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

அந்தச் செவிலியர் என்னிடம் முதல் நாள் வந்தபோது கையில் ஒரு நோட்டு இருந்தது. சாப்பிடுவதை எல்லாம் எழுதி வைக்கும்படி உணவியல் நிபுணர் சொல்லித் தொடங்கிய நோட்டு. மூன்று மாதத்துக்கான தேதிகளை முன்கூட்டியே கோடு போட்டு எழுதியிருந்தார். முதல் 12 நாட்கள் அச்சடித்த மாதிரி இருந்தன: நேரம், அளவு, சாப்பிடும் முன் பசி எவ்வளவு, பின் எவ்வளவு. 13-ஆம் நாளில் ஒரு வரி பாதியில் நின்றுபோயிருந்தது. அதன் பிறகு வெறும் தேதிகள்தான். எண்ணிப் பார்த்தேன், 19 நாட்கள்.

"இந்த 19 நாள்ல என்ன ஆச்சு சிஸ்டர்?"

"எழுத முகமில்ல மேடம். அவ்வளவுதான்."

எடைக் குறைப்பு என்றாலே மன உறுதி, கட்டுப்பாடு, ஊக்கம் என்று நிறையப் பேசுகிறோம். இந்த வெற்றுப் பக்கங்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கோ, போன எடை திரும்பி வருவது பெரும்பாலும் இந்தப் பக்கங்கள் வழியாகத்தான் என்று தோன்றுகிறது. ஒருவர் தடுமாறிய பின் நோட்டைத் திரும்பத் திறக்க எத்தனை நாள் ஆகிறது என்ற ஒரே அளவைத்தான் இந்த ஆய்வு நெடுகப் பின்தொடர்கிறேன். தடுமாறிய தன்னைத் திட்டாமல் கனிவாக நடத்துவது, அதாவது தற்பரிவு, அந்த நாட்களைக் குறைக்குமா என்பதுதான் கேள்வி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே வரும் செவிலியர் ஒரே ஆள் அல்ல. எடைக் குறைப்பு ஆலோசனையில் திரும்பத் திரும்பக் காணும் அனுபவங்களை ஒரு வாழ்க்கையாகப் பின்னியிருக்கிறேன். அவருடைய எண்களும் அப்படி அமைத்தவையே. வெளியான ஆய்வுகளைச் சொல்லும் இடங்களில் மட்டும் அவற்றில் உள்ளதை அப்படியே தந்திருக்கிறேன்.

வந்தபோது இருந்த நிலை

வயது 44. செவிலியர் பணியில் 20 ஆண்டுகளுக்கு மேல் அனுபவம், மாதத்தில் 8 இரவுப் பணி. உயரம் 158 செ.மீ., எடை 85.3 கிலோ, உடல் நிறைக் குறியீடு 34.2. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான ஹெச்பிஏ1சி 6.1 சதவீதம். 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை என்பதால், பயப்பட வேண்டிய எண் இல்லை, அசட்டையாக விடக்கூடியதும் இல்லை. தைராய்டு சரியாக இருந்தது. எடையைக் கூட்டும் மாத்திரை எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. இடது முட்டியில் வலி.

கட்டுப்பாடு இழந்து அதிகமாக உண்ணும் கோளாறு இருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்த்தோம். மனநலக் கோளாறுகளை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5 வரையறைப்படி அப்படிப்பட்ட உண்ணல் வாரம் ஒரு முறையாவது, மூன்று மாத காலம் நடந்திருக்க வேண்டும். இவருக்கு மாதம் இரண்டு மூன்று தடவை. எல்லைக்குள் வரவில்லை. வந்திருந்தால் முதலில் அதற்கான சிகிச்சைக்கு அனுப்பியிருப்பேன். இந்தக் கேள்வியைக் கேட்காமல் எடைக் குறைப்பைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

முன்பு மூன்று தடவை குறைத்திருக்கிறார். 9 கிலோ, 11 கிலோ, 7 கிலோ. மூன்றும் திரும்பி வந்தன, இரண்டு தடவை வட்டியோடு. அதை அவர் சொன்ன விதம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. குற்றப்பத்திரிகை வாசிப்பது போலச் சொன்னார். எந்த வருடம், எத்தனை கிலோ, எந்த மாதத்தில் "புத்தி கெட்டுப் போச்சு" என்று எல்லாம் மனப்பாடம்.

முட்டி வலிக்காக ஒரு மருத்துவரிடம் போயிருக்கிறார். காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "முதல்ல எடையைக் குறைங்க, அப்புறம் முட்டியைப் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டாராம். அன்று வீட்டுக்குப் போய் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "சாப்பிட்டேன்" என்றார். இது இவர் ஒருவரின் பலவீனம் இல்லை. ஏஞ்சலினா சுட்டின், அந்தோனியோ டெரச்சியானோ இருவரும் 2013-இல் அமெரிக்காவில் 6,000-க்கு மேற்பட்டவர்களின் தரவுகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், எடையைக் காரணமாக வைத்துப் பாகுபாட்டைச் சந்தித்தவர்கள் பின்னாளில் உடற்பருமனுக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்கு இருந்தது. அவமானம் ஆளை மெலிய வைக்கும் என்ற நம்பிக்கையை இதோடு வைத்துப் பார்த்தால் அது நிற்கவில்லை.

13-ஆம் நாள்

அந்தப் பாதி வரியை எழுதிய இரவைப் பற்றிப் பேச எங்களுக்கு இரண்டு சந்திப்புகள் தேவைப்பட்டன. இரவுப் பணி. உடன் வேலை பார்த்த ஒருவர் மாற்றலாகிப் போகிறார், கேக் வெட்டினார்கள். ஒரு துண்டு சாப்பிடலாம் என்று உணவியல் நிபுணரே சொல்லியிருந்தார். அதை எழுதவும் ஆரம்பித்துவிட்டார். இரண்டரை மணிக்கு, வார்டு அடங்கிய பிறகு, மீந்திருந்ததில் இன்னொரு துண்டை எடுத்துவிட்டார். எழுதிக்கொண்டிருந்த வரி அங்கேதான் நின்றது.

"அப்புறம்?"

"நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு மேடம். மிச்சம் இருந்ததையும் சாப்பிட்டேன். காலையில வீட்டுக்குப் போற வழியில பிஸ்கட் பாக்கெட் வாங்கி, வண்டியிலேயே."

வீட்டுக்கு வந்ததும் எடை பார்த்திருக்கிறார். நோட்டைத் தொடங்கியபோது 84.6. 12-ஆம் நாள் 83.2. அன்று காலை மறுபடியும் 84.6. பன்னிரண்டு நாளில் போனது ஒரே ராத்திரியில் திரும்பி வந்துவிட்டது! எடைக் கருவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். உணவியல் நிபுணரைப் பார்க்க வேண்டிய நாளில் "டியூட்டி இருக்கு" என்று செய்தி அனுப்பினார். அன்று தண்டனையாக மாலை வரை பட்டினி. மாலையில் பசி தாங்காமல் நின்றுகொண்டே சாப்பிட்டது எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. இப்படி 19 நாட்கள். நிபுணரே தொலைபேசியில் அழைத்து என்னிடம் அனுப்பி வைத்தார். என் அறையில் பார்த்த எடை 85.3.

அவரோடு சேர்ந்து ஒரு கணக்குப் போட்டோம். உடலில் ஒரு கிலோ கொழுப்பு சேரச் சுமார் 7,700 கலோரி உபரி வேண்டும். அந்த இரண்டாவது துண்டு 350 கலோரி என்று வைத்துக்கொண்டால், அதிலிருந்து சேரக்கூடிய கொழுப்பு ஏறத்தாழ 45 கிராம். ஒரு ராத்திரியில் 1.4 கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் 10,000 கலோரிக்கு மேல் உபரியாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. கருவி காட்டியதில் பெரும்பகுதி தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் சர்க்கரை கிளைகோஜனாகச் சேரும்போது, ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்கிறது. உப்பும் தண்ணீரைப் பிடித்து வைக்கும், வயிற்றில் உள்ள உணவின் எடை வேறு. முதல் 12 நாளில் "குறைந்த" 1.4 கிலோவிலும் நிறையத் தண்ணீர்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

அவர் வெகுநேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளிகளுக்கு உள்ளே போன திரவம், வெளியே வந்த திரவம் என்று தினம் கணக்கு எழுதுகிறவர். "ஃப்ளூயிட் சார்ட் எழுதுற எனக்கு இது தெரியாமப் போச்சே" என்றார். உடனே தன்னைத் திட்டத் தொடங்கியதை இருவரும் கவனித்தோம். அவரே சிரித்துவிட்டார். இங்கு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

45 கிராம் ஒரு பக்கம், 19 நாளில் சேர்ந்த எடை இன்னொரு பக்கம். கேக் செய்தது எவ்வளவு, கேக்குக்குப் பிறகு தனக்குத் தானே சொல்லிக்கொண்டது செய்தது எவ்வளவு என்று பார்க்க, இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை.

நனைந்த பிறகு முக்காடு

இந்த மனநிலை ஆய்வாளர்களுக்குப் பழகியதுதான். 1975-இல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் ஒரு சோதனை செய்தார்கள். சில மாணவிகளுக்கு மில்க்‌ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. அப்புறம் எல்லோர் முன்னாலும் ஐஸ்கிரீம் வைத்து, ருசி பார்த்துச் சொல்லுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றார்கள். உணவுக் கட்டுப்பாடு பற்றிக் கவலைப்படாதவர்கள், மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வயிறு நிறைந்தால் யாரும் செய்வதுதானே. கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் நேர்மாறாக, மில்க்‌ஷேக் குடித்த பிறகுதான் அதிகம் சாப்பிட்டார்கள். இன்றைய விரதம் போச்சு, இனி என்ன என்ற கணக்கு. குடியை விட்டவர்கள் ஒரு மிடறு குடித்ததும் முழுசாக விழுந்துவிடுவதை ஆலன் மார்லட்டும் ஜூடித் கார்டனும் 1985-இல் இதே கோணத்தில் விளக்கினார்கள். ஒரு தவறு நடந்ததும், 'நானே இப்படிப்பட்டவன்தான்' என்று காரணத்தைத் தன் குணத்தில் கொண்டுபோய் வைத்தால், அந்தத் தவறோடு நிற்பதற்குக் காரணமே இல்லாமல் போகிறது.

இந்தச் சங்கிலியை எந்தக் கண்ணியில் வெட்டுவது? 2007-இல் கிளேர் ஆடம்ஸும் மார்க் லியரியும் 84 கல்லூரி மாணவிகளைக் கொண்டு செய்த சோதனை இதற்கு ஒரு பதில் தருகிறது. டோனட் சாப்பிட வைத்தார்கள். ஒரு குழுவிடம் மட்டும் சோதனையை நடத்தியவர், எல்லோரும் சில சமயம் இப்படிச் சாப்பிடுவதுதான், இதற்காகத் தன்னையே நொந்துகொள்ள வேண்டாம் என்ற பொருளில் சில வாக்கியங்கள் சொன்னார். பிறகு மிட்டாய்க் கிண்ணங்களை வைத்து ருசி பார்க்கச் சொன்னார்கள். கட்டுப்பாட்டில் இருந்த மாணவிகளில், அந்தப் பரிவான வார்த்தைகளைக் கேட்டவர்கள் மிட்டாயைக் குறைவாகவே சாப்பிட்டார்கள். மிகச் சிறிய சோதனை, ஒரே நாள், ஒரே வயதினர். இதை வைத்துப் பெரிய கோட்டை கட்ட முடியாது. ஆனாலும் கண்ணி எங்கே இருக்கிறது என்பதை அது காட்டிவிட்டது.

தற்பரிவு என்ற சொல்லை இங்கே விளக்க வேண்டும், ஏனென்றால் நம் காதில் அது தன்னிரக்கம் என்றே விழுகிறது. தன்னிரக்கம், 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்று தன்னைத் தனியே எடுத்து வைத்துப் பார்த்து அழுவது. 2003-இல் தற்பரிவை ஆய்வுக்குரிய கருத்தாக வரையறுத்த கிறிஸ்டின் நெஃப் அதில் மூன்று கூறுகளைச் சொன்னார்: தன்னைக் கடுமையாகத் தீர்ப்பிடாமல் கனிவாக நடத்துவது, தடுமாற்றம் மனிதர் எல்லோருக்கும் உள்ளது என்று உணர்வது, வேதனையை ஒதுக்காமலும் அதில் மூழ்காமலும் உள்ளபடி பார்ப்பது. இரண்டாவது கூறு ஒன்றே தன்னிரக்கத்துக்கு நேர் எதிர். நெஃப்பின் 26 கேள்விகள் கொண்ட அளவுகோலில் இவருடைய சராசரி, 5-க்கு 1.8.

என் பிழை

மூன்றாவது சந்திப்பில் நான் அவசரப்பட்டேன். "உங்க நெருங்கின தோழி இதே நிலையில இருந்தா என்ன சொல்வீங்க? அதையே உங்களுக்கு ஒரு கடிதமா எழுதிட்டு வாங்க" என்றேன். தற்பரிவுப் பயிற்சிகளில் இது எல்லோரும் அறிந்த ஒன்று, பலருக்குப் பலன் தருவது. இவர் இரண்டு வரி எழுதிக் கிழித்துப் போட்டார். அடுத்த இரண்டு சந்திப்புகளுக்கு வரவில்லை. நோட்டிலும் எட்டு நாள் இடைவெளி.

திரும்பி வந்தபோது சொன்னது: "பொய் மாதிரி இருந்துச்சு மேடம். அதுவும் போக, பயமா இருந்துச்சு. நான் என்னைத் திட்டுறதால்தான் இந்த அளவுலயாவது நிக்கிறேன். சாட்டையைக் கீழ போட்டா வண்டி ஓடாது."

இந்தப் பயத்துக்கும் ஆய்வில் இடம் உண்டு. பரிவை மையமாக வைத்த சிகிச்சை முறையை உருவாக்கிய பிரிட்டிஷ் உளவியலாளர் பால் கில்பர்ட், பரிவைக் கண்டே அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள் என்று காட்டி, 2011-இல் சக ஆய்வாளர்களோடு அதற்கென ஒரு அளவுகோலையே வெளியிட்டார். அவர் பார்வையில் நம் உணர்ச்சிகளை மூன்று அமைப்புகள் நடத்துகின்றன: ஆபத்தைக் கண்டு விழித்துக்கொள்வது, வேண்டியதைத் தேடி ஓடுவது, பாதுகாப்பாக உணர்ந்து அமைதியாவது. தன்னைத் திட்டும் குரல் முதல் அமைப்பைத்தான் எழுப்புகிறது. வெளியே யாரோ அடிக்க வருவதும் உள்ளே ஒரு குரல் அடிப்பதும் அங்கே பெரிதாக வேறுபடுவதில்லை. அந்தப் பதற்றத்தை உடனே அடக்கக் கையெட்டும் தூரத்தில் இருப்பது இனிப்பும் கொழுப்பும். திட்டு விழ விழ உணவு ஆறுதலாகிறது, உணவு உள்ளே போகப் போகத் திட்டு ஏறுகிறது.

இது புரிந்தும் நான் நேரே கனிவு என்ற கூறில் கைவைத்தேன். இத்தனை ஆண்டுகள் சாட்டையை நம்பி வாழ்ந்த ஒருவரிடம் அதைப் பிடுங்கப் பார்த்தது தவறு. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் மூன்றாவது கூறிலிருந்து, உள்ளதை உள்ளபடி பார்ப்பதிலிருந்து, தொடங்கினோம்.

நோயாளிக்கு எழுதுவது போல

"ராத்திரி 2 மணிக்கு ஒரு நோயாளிக்குக் காய்ச்சல் ஏறினா கேஸ் ஷீட்ல என்ன எழுதுவீங்க?"

"நேரம், டெம்பரேச்சர், என்ன கொடுத்தோம், அரை மணி கழிச்சு எவ்வளவு."

"'இந்த ஆள் உருப்பட மாட்டான்'னு எழுதுவீங்களா?"

பதில் சொல்லவில்லை. நோட்டை எடுத்து அந்தப் பாதி வரியைப் பார்த்தார். 13-ஆம் நாளை அப்போதே, என் முன்னால், முடித்து எழுதினார்: "02.30. கேக், இரண்டாவது துண்டு. கடைசி உணவு இரவு 7 மணி. முந்தைய பகல் தூக்கம் 3 மணி நேரம். பசி 10-க்கு 8. மனநிலை: தோழி போகிறாள், அழுகை."

எழுதி முடித்ததும் அவருக்கே காரணங்கள் தெரிந்தன. ஏழரை மணி நேரமாக ஒரு துண்டு கேக்கைத் தவிரச் சாப்பாடு இல்லை. தூக்கமும் இல்லை. 2004-இல் வெளியான ஒரு ஆய்வில், 12 ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டபோது, பசியை அடக்கும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் ஏறியது. பத்து மணி நேரம் படுக்கையில் இருந்த இரவுகளோடு ஒப்பிட்ட எண்கள் இவை. மாதம் எட்டு இரவு விழிக்கிறவரின் பசிக்கு நடத்தைச் சான்றிதழ் எழுதி என்ன பயன்? இரவு ஒரு மணிக்கு ஒரு ஒழுங்கான சாப்பாடு தேவை, அவ்வளவுதான். கையில் கட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். இரண்டரை மணிப் பசி பெருமளவு அடங்கியது. தன்னைத் திட்டிக்கொண்டே இருந்த மூன்று முயற்சிகளிலும் இந்த எளிய ஏற்பாடு அவர் கண்ணில் படவே இல்லை. திட்டு காதை அடைத்துவிட்டால் தகவல் உள்ளே வராது.

முன்பு மூன்று தடவையும் எடை திரும்பியதைப் பற்றியும் அப்போதுதான் பேச முடிந்தது. 2011-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், மிகக் குறைந்த கலோரி உணவில் 10 வாரம் இருந்து எடை குறைத்தவர்களை ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். 50 பேர் சேர்ந்த ஆய்வு அது. ஓராண்டுக்குப் பிறகும் பசி சார்ந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசி உணர்வும் கூடுதலாகவே இருந்தது. எடை குறைந்த உடல் இழந்ததை மீட்கப் பார்க்கும் என்பது இவருக்குப் புதிய செய்தி. "அப்போ எல்லாருக்குமே இப்படித்தானா?" என்று இரண்டு தடவை கேட்டார். நெஃப் சொன்ன இரண்டாவது கூறு, இவருக்குள் ஒரு ஹார்மோன் ஆய்வின் வழியாக நுழைந்தது.

"பசி வர்றதுக்கு நீங்க பொறுப்பில்ல. அது வரும்னு தெரிஞ்சு ஏற்பாடு பண்றதுதான் நம்ம வேலை" என்றேன்.

'பரவாயில்லை'யின் ஆபத்து

நான்காவது மாதத்தில் ஒரு சிக்கல் வந்தது. இனிப்புக்கு மேல் இனிப்பாக நான்கு நாட்கள் ஓடின. நோட்டில் நாணயமாக எல்லாம் எழுதியிருந்தார், ஒவ்வொன்றின் பக்கத்திலும் "பரவாயில்லை" என்ற சொல்லோடு. எடை 900 கிராம் கூடியிருந்தது. "பரிவா இருக்கச் சொன்னீங்களே" என்றார். குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை, உண்மையான குழப்பம்.

தற்பரிவை எதிர்ப்பவர்கள் சொல்வது இதைத்தான், அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பரவாயில்லை என்பது கதவை மூடும் சொல். அதற்கப்புறம் யாரும் எதையும் கேட்பதில்லை. நான் அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தபோது அவரே பேசினார். அறுவை சிகிச்சைக்கு முன் எதுவும் குடிக்கக் கூடாது என்று வைத்திருக்கும் நோயாளி தண்ணீர் கேட்டுக் கெஞ்சுவாராம். கொடுக்க முடியாது. திட்டவும் மாட்டார்கள். பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றி, "இன்னும் ரெண்டு மணி நேரம்தான்மா, நான் இங்கயேதான் இருக்கேன்" என்று பக்கத்தில் நிற்பார்கள்.

"அந்தப் பஞ்சுதான் எனக்கு நான் வைக்கத் தெரியல" என்றார்.

எனக்கு இந்தத் துறையில் கிடைத்த மிகச் சரியான விளக்கம் இது. கேட்டதைக் கொடுத்துவிடுவது பரிவாகாது, கேட்டதற்காகத் திட்டுவதும் ஆகாது. மறுக்க வேண்டியதை மறுத்துவிட்டு, மறுக்கப்பட்டவரை விட்டுப் போகாமல் இருப்பது அது. 'பஞ்சு' எங்களுக்குள் ஒரு குறிச்சொல் ஆகிவிட்டது. அவர் பஞ்சாக வைத்துக்கொண்டவை எளியவை: பத்து நிமிடம் மொட்டை மாடியில் நடப்பது, முகம் கழுவுவது, அக்காவுக்கு ஒரு போன். முன்பு இவற்றை இனிப்புக்கு மாற்றாகச் செய்யச் சொன்னபோது எதுவும் நடக்கவில்லை. "கஷ்டமாத்தான் இருக்கு, சரி, வா" என்று தனக்குச் சொல்லிக்கொண்டு செய்தபோது நடந்தது. ஏன் என்று முழுமையாக விளக்க என்னால் முடியாது. அந்த ஒரு வாக்கியத்தின் வித்தியாசத்தைத்தான் பார்த்தேன்.

பரிவு ஊக்கத்தைக் குறைக்கும் என்ற கவலைக்கு ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் 2012-இல் வெளியிட்ட சோதனைகள் பதில் சொல்கின்றன. அதில் ஒன்றில், கடினமான சொல்லறிவுத் தேர்வில் சறுக்கிய மாணவர்களில், தோல்வியைப் பரிவோடு பார்க்கும்படி சொல்லப்பட்டவர்கள் அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தார்கள். எடைக் குறைப்பிலேயே நேரடியாகப் பார்த்ததும் உண்டு. டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் சார்லட் ஹேகர்மன் குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வில், எடைக் குறைப்புத் திட்டத்தில் இருந்த 140 பேரிடம் கைபேசி வழியாக ஒரு நாளில் பல தடவை கேள்விகள் கேட்கப்பட்டன. ஒரு தடுமாற்றத்துக்குப் பிறகு தன்னிடம் பரிவாக இருந்த வேளைகளில், அடுத்து வந்த மணிகளில் மனநிலையும் சாப்பாட்டைக் கட்டுப்படுத்தும் திறனும் மேலாக இருந்தன. அடுத்த சில மணி நேரம்! எடைக் குறைப்பின் தலைவிதி நிர்ணயமாவது அங்கேதான்.

பத்து மாதங்கள்

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அதில் புதுமை இல்லை. உணவியல் நிபுணரின் திட்டம், வாரம் 150 நிமிட நடை, முட்டிக்கு இயன்முறைப் பயிற்சி. இந்த முறை காலைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரிடம் போனார். இலக்கு, உடல் எடையில் 7 சதவீதம், அதாவது 6 கிலோ. 2002-இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 3,234 பேர் பங்கேற்றார்கள். இதே 7 சதவீதம், 150 நிமிடம் என்ற இலக்குகள் கொடுக்கப்பட்ட குழுவில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. இவர் மனதில் இருந்தது 25 கிலோ. அதை விட்டு 6-க்கு இறங்கி வர வைப்பதும் பரிவின் வேலையாகவே இருந்தது.

பத்தாவது மாதத்தில் எடை 78.4. குறைந்தது 6.9 கிலோ, 8 சதவீதம். ஹெச்பிஏ1சி 5.8. தற்பரிவு அளவுகோலில் 2.9, நடுத்தரம்தான். நான் பின்தொடர்ந்த அளவு, தடுமாற்றத்துக்குப் பின் நோட்டு வெறுமையாகக் கிடந்த நாட்கள்: 19, அப்புறம் 8, நான்காவது மாதத்துக்குப் பின் 3, ஏழாவது மாதத்தில் 1. கடைசி மூன்று மாதங்களில் பெரும்பாலும் அதே இரவுப் பணி முடிவதற்குள் எழுதிவிட்டார். தடுமாற்றங்களின் எண்ணிக்கை அவ்வளவாகக் குறையவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். மாதம் இரண்டு மூன்று என்பது ஒன்று இரண்டு ஆனது, அவ்வளவே. ஒவ்வொன்றும் பிடித்துக்கொண்ட நாட்கள்தான் சுருங்கின.

எழுதுவதற்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. 2008-இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 1,700 பேரிடம் நடந்த ஒரு எடைக் குறைப்பு ஆய்வில், தினமும் உணவைக் குறித்தவர்கள், குறிக்காதவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு எடை குறைத்தார்கள். எழுதியதால் குறைந்ததா, குறைகிறவர்களால் எழுத முடிந்ததா என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது. இவர் விஷயத்தில் இரண்டும் சேர்ந்தே நடந்தன என்று நினைக்கிறேன். வெட்கம் வந்தால் நோட்டு மூடிக்கொள்ளும். மூடிய நோட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்கும் தெரியாது, உணவியல் நிபுணருக்கும் தெரியாது.

தற்பரிவு கலோரியை எரிப்பதில்லை. எடையைக் குறைத்தது சாப்பாட்டில் செய்த மாற்றமும் நடையும் தூக்கமும்தான். அந்த மாற்றங்களைக் கைவிடாமல் இருக்க வைத்தது மட்டுமே தற்பரிவின் பங்கு என்று நான் கொள்கிறேன். மருந்தோ அறுவை சிகிச்சையோ தேவைப்படுகிறவர்களுக்கு இது அவற்றுக்கு மாற்றில்லை. அவற்றை எடுத்துக்கொள்ள வெட்கப்படுகிறவர்களுக்கு வேண்டுமானால் உதவும்.

பதினான்காவது மாதம்

அவருடைய அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. பகலில் அம்மா, இரவில் பணி. நடை நின்றது. இரவு ஒரு மணிச் சாப்பாடு நின்றது. தொலைபேசியில் மட்டும்தான் பேச முடிந்தது, எடை 80.6-க்கு ஏறியிருந்தது. "திரும்பவும் ஆரம்பிச்சிருச்சு மேடம்" என்றார். பழைய குரல் அப்படியே இருந்தது. ஒழிந்து போனதாக நாங்கள் இருவரும் எண்ணியிருக்கக் கூடாது.

நோட்டில் 11 நாட்கள் வெறுமை. பன்னிரண்டாம் நாள் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியதை, அடுத்து வந்தபோது காட்டினார்:

"11 நாள் எழுதவில்லை. அம்மா அட்மிட். தூக்கம் நாளுக்கு 3-4 மணி. சாப்பிட்டது நினைவில்லை, நிறைய. இன்று எடை 80.6. இன்று இரவு 1 மணிக்குச் சாப்பாடு கட்டியாச்சு."

பதினெட்டாவது மாதத்தில் எடை 78.9. அடுத்த சந்திப்பு மூன்று மாதம் கழித்து. நோட்டு தீர்ந்துவிட்டது, புதிது வாங்கியிருக்கிறார். இந்தத் தடவை தேதிகளை முன்கூட்டியே எழுதி வைக்கவில்லை.